மழுங்காத ஊசி

பிப்ரவரி 24, திங்கள்

இன்றைக்கும் டீ வாங்கப் போனது மாஸ்டர்தான். அவருக்குச் சர்க்கரை 188. எனக்கு 164, காஜாவுக்கு 97. "மிஷின்ல ஏதோ கோளாறு அக்கா" என்று தினமும் பாடுகிற பாட்டைப் பாடிக்கொண்டே பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

மகன் எனக்குச் சர்க்கரை பார்க்கிற மிஷின் வாங்கிக் கொடுத்ததிலிருந்து, நாலைந்து மாதமாகக் கடையில் இந்தக் கூத்துதான். பதினோரு மணிக்குத் தையல் மிஷின்கள் நின்றதும் மூன்று பேரும் ஆளுக்கொரு விரலை நீட்டுவோம். யாருக்கு அதிகமோ அவர் டீக்குப் போகணும். எனக்கு வியாதி, கட்டிங் மாஸ்டருக்கு "லேசா", காஜாவுக்கு வேடிக்கை. அவள் பட்டனுக்குக் காஜா போட வந்தவள், அதுவே பெயராகிவிட்டது. நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறோம் என்று சும்மா உட்கார்ந்திருப்பாள்.

காலையில் வீட்டில் மருமகளோடு ஒரு உரசல். ஏழு மாதம் அவளுக்கு. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் இன்னொரு மிஷின் வாங்குகிறேன் என்றான். ஒரே வீட்டில் ரெண்டா? என்னுடையது என்ன உடைஞ்சா கிடக்கு? காலையில் அவள் பார்த்த பிறகு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டு போகிறேன், அவ்வளவுதானே.

இன்று விரலைக் குத்துகிற ஊசிப் பேனாவை எடுத்து வைக்கப் போனவள் நிறுத்திவிட்டு, "ஊசி மாத்தலையா அத்தை?" என்றாள்.

"ஏன், என் ரத்தம் என்ன சாக்கடையா?" என்றேன்.

அப்புறம் அதே ஊசியால் குத்திக்கொண்டாள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத்தானே கொடுக்கிறேன்? இருபத்தைந்து வருஷமாக ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். ஊசி மழுங்கினால்தான் மாத்தணும். இது இன்னும் பூ மாதிரி இறங்குது.

பிப்ரவரி 27, வியாழன்

மாஸ்டர் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லையாம், உடம்பெல்லாம் அசதியாம். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிற நேரம் பார்த்துத்தான் இவருக்கு அசதி வரும்.

மார்ச் 4, செவ்வாய்

மாஸ்டர் வந்தார். வேலைக்கு இல்லை. வாசலிலேயே நின்றார். கண் இரண்டும் மஞ்சள்.

"பி டைப் மஞ்சக்காமாலையாம் அக்கா. ரத்தத்துலதான் பரவுமாம். ஊசி கீசி யாரோடயாவது சேர்ந்து போட்டீங்களான்னு டாக்டர் கேட்டார். நம்ம டீ விளையாட்டைச் சொன்னேன். அவர் தலையில கைய வெச்சுக்கிட்டார். அந்தப் பேனாவுல குத்திக்கிட்ட எல்லாரும் உடனே வரணும்னு சொல்லிட்டார்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "எங்கயோ போய் வியாதியை வாங்கிட்டு வந்து என் மிஷின் மேல பழியைப் போடுறீங்களா? இத்தனை நாள் சும்மா இருந்துட்டு எங்க விரலையெல்லாம் குத்த விட்டீங்களே, மனசாட்சி இருக்கா?" என்று கத்தினேன். துணி வாங்க வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள்.

அவர், "மருமகப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க அக்கா. அதை முதல்ல செய்யுங்க" என்றார். போய்விட்டார்.

நானும் காஜாவும் கட்டிங் டேபிளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பேனா அதன் மேல்தான் கிடந்தது. இன்று காலையில் கூட மருமகள் அதில்தான் குத்திக்கொண்டாள். நேற்று பதினோரு மணிக்கு நானும் காஜாவும். போன வாரம் வரைக்கும் மாஸ்டர்.

வயிற்றில் இருக்கிறதுக்கு ஏதாவது ஆச்சுன்னா?

மார்ச் 5, புதன்

மிஷினையும் பேனாவையும் கடையிலேயே பட்டன் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன். காலையில் மருமகள் தேடினாள். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"பேட்டரியா இருக்கும் அத்தை. கொண்டு வாங்க, நான் பார்க்கிறேன்."

"ஆமா, உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் என்ன தப்பாகக் கேட்டுவிட்டாள்? நம்பர் தெரியாமல் சாப்பிடவே பயமாக இருக்கிறது என்று பாதித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கொரியர் ஆபீஸில் நாள் முழுக்கக் கவுண்டரில் உட்கார வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி.

ராத்திரி மகனிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "நாளைக்கு உன் சட்டைக்கு அயர்ன் பண்ணணுமா" என்றுதான் வந்தது.

மார்ச் 6, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. மாஸ்டருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்தே தீரணுமா என்ன?

மார்ச் 7, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் தூங்க முடியாது.

காஜா தாமதமாக வந்தாள். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. எனக்குச் சொல்லாமல் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, ஊசியும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். "ரெண்டு ஊசி அக்கா. ஒண்ணு தடுப்பூசி. இன்னொண்ணு உடனே காப்பாத்துறதுக்காம். கடைசியா குத்தின நாள்லருந்து ஒரு வாரத்துக்குள்ள போட்டாத்தான் அதுக்கு மதிப்பாம். சீக்கிரம் போடப் போட நல்லதாம். வீட்ல சொல்லிட்டீங்கதானே?"

நான் பட்டன் டப்பா பக்கம் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அய்யோ அக்கா!"

பேனாவையும் மிஷினையும் பையில் போட்டுக்கொண்டு கொரியர் ஆபீசுக்கு ஓடினேன். கவுண்டரில் வரிசை. நான் வரிசைக்குள் புகுந்து போனேன், பின்னால் ஒருவர் சத்தம் போட்டார். கண்ணாடித் தடுப்பில் இருக்கிற ஓட்டை வழியாக, மாஸ்டர் வந்தது, பேனா, ரத்தத்தில் பரவுகிறது, ஊசி போடணும், ஒரு வாரம் – எல்லாவற்றையும் கொட்டினேன். எது முன்னே எது பின்னே என்று எனக்கே தெரியவில்லை.

மருமகள் கையிலிருந்த பார்சலை எடை போட்டாள். ஸ்டிக்கர் ஒட்டினாள். ரசீதைக் கிழித்து அந்த ஆளிடம் கொடுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு வெள்ளி" என்றாள்.

எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி வெளியே வந்தாள். ஆட்டோவில் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, கடைசியாக எப்போது குத்தினீர்கள் என்பதுதான். செவ்வாய் காலை. "இன்னும் நேரம் இருக்கு. ஆனா அன்னைக்கே வந்திருக்கணும்" என்றார். அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள், இரண்டு ஊசியும் போட்டார்கள். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

நர்ஸ் என் பேனாவை வாங்கித் திருகி, முன்னால் இருக்கிற மூடியைக் கழற்றி விளக்குக்குக் கீழே காட்டினாள். உள்பக்கம் காய்ந்துபோய்ப் பழுப்பாக ஒட்டியிருந்தது. ரத்தம். யாருடையதோ. எங்கள் எல்லோருடையதுமோ.

"ஊசியை ஸ்பிரிட்டால துடைச்சேனேம்மா" என்றேன்.

"அதெல்லாம் பத்தாது. இந்தக் கிருமி காய்ஞ்ச ரத்தத்துல ஒரு வாரம் வரைக்கும் உசிரோட இருக்கும். ஊசியில மட்டும் இல்ல, மூடியில, மிஷின் மேல, எங்க ஒரு பொட்டு பட்டாலும். வீட்ல டூத் பிரஷ் ஆளுக்கு ஒண்ணுதானே? இதுவும் அப்படித்தான். மிஷின் ஆளுக்கு ஒண்ணு, பேனா ஆளுக்கு ஒண்ணு. ஊசி ஒரு குத்துக்கு ஒண்ணு. குத்தினதும் கெட்டியான டப்பாவுல போட்டுடணும். எத்தனை நாளா இந்த ஒரே ஊசி?"

"இன்னும் மழுங்கலையேம்மா..."

வாயிலிருந்து வந்துவிட்டது. நர்ஸ் என்னையே பார்த்தாள். மருமகள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டாள்.

மார்ச் 8, சனி

மகன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "புதுசு வாங்கித் தர்றேன்னு சொன்னேனேம்மா" என்றான். இன்றைக்கெல்லாம் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

சாயங்காலம் அவளுக்குப் புது மிஷின் வந்துவிட்டது. அவர்கள் அறையில் வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்க்கிறாள். கை கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

எனக்கு மாஸ்டர் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நன்றாக இருந்த குடும்பத்தில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாரே பாவி.

மார்ச் 12, புதன்

ரிசல்ட் வந்தது.

மருமகளுக்கு இல்லை. "இப்போதைக்கு இல்லை" என்றுதான் டாக்டர் சொன்னார். தெரிய மாதக் கணக்காகும், பிரசவத்துக்கு முன்னால் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பார்க்கணும், தடுப்பூசியை விடாமல் போட்டு முடிக்கணும். காஜாவுக்கும் இல்லை.

எனக்கு இருக்கிறது.

"பார்த்தீங்களா டாக்டர், அந்த ஆள் எனக்கும் கொடுத்துட்டாரு" என்றேன். டாக்டர், முன்பு எப்போதாவது காமாலை வந்ததா என்றார். இல்லை. அம்மா எதில் இறந்தார்கள் என்றார். வயிறு வீங்கி, என்றேன். ஈரல் என்று யாரும் சொன்னதில்லை. அஜீரணம், அஜீரணம் என்று கஷாயமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா வந்ததா, பழசான்னு ரத்தத்துலயே ஓரளவு தெரியும்மா. மாஸ்டருக்கு வந்திருக்கிறது புதுசு. உங்களுடையது பழசு. நீங்க பிறக்கும்போதே அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம். பல பேருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது."

"அப்ப மாஸ்டருக்கு யார்கிட்ட இருந்து..."

"நூத்துக்கு நூறுன்னு யாராலும் சொல்ல முடியாது" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

மருமகளும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாக்கடையா என்று கேட்டேனே அவளை. எந்த வாயால் கேட்டேன்? அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தி அழுதிருப்பேன்.

மார்ச் 14, வெள்ளி

மகனுக்கும் ரத்தம் பார்த்தார்கள், இல்லை. நான் பெற்றவன், அவனுக்கு வரவில்லை. இரண்டு நாள் மூச்சை எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

எனக்கு மாத்திரை இப்போது வேண்டாமாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ தொடுவதாலோ பரவாது என்று டாக்டர் அழுத்திச் சொல்லி அனுப்பினார். இருந்தாலும் என் டம்ளரை நானே தனியாக வைத்துவிட்டேன். யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, நானாகப் போனேன். மாஸ்டர் கட்டிலில் கிடந்தார். பாதி ஆளாகிவிட்டார். கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்த்த கை போர்வை மேல் சும்மா கிடந்தது.

"மாஸ்டர், உங்ககிட்ட இருந்து எனக்கு வரலை. என்கிட்ட இருந்துதான் உங்களுக்கு வந்திருக்கு. என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். வழியெல்லாம் வேறு மாதிரி சொல்லப் பழகிக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

அவர் மனைவி, "மன்னிப்புக் கேட்டா மஞ்சள் இறங்கிடுமா?" என்றார். நியாயமான கேள்வி.

மாஸ்டர், "தெரியாம நடந்தது அக்கா. ஊசியை மாத்துங்கன்னு நானும்தான் சொல்லல. மழுங்கினா மாத்திக்கலாம்னு நானும்தான் இருந்தேன்" என்றார். அப்புறம், "ஆனா அன்னைக்குக் கடை வாசல்ல வெச்சு, நாலு பேர் முன்னாடி மனசாட்சி இருக்கான்னு கேட்டீங்க. வியாதியைவிட அதுதான் வலிச்சுது" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் இரண்டையும் அவர் தலையில் கட்டிவிட்டு வந்தவள்.

மார்ச் 23, ஞாயிறு

மகனும் மருமகளும் வீடு மாறிப் போனார்கள். அவள் ஆபீசுக்குப் பக்கத்தில், இரண்டு அறை. சாமான் ஏற்றும்போது நான் நடுவில் நடுவில் போய் நின்று இடைஞ்சலாக இருந்தேன். ஏதாவது தூக்கலாம் என்றால் எதைத் தூக்குவது?

கடைசியில் அவளே வந்தாள். "கோபத்துல போகல அத்தை. பயத்துல போறேன்" என்றாள்.

எனக்கு அதற்கும் மேல் பயம். அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

ஒற்றை ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை இன்னும் பழகவில்லை. மிச்சமாகிக்கொண்டே இருக்கிறது. சர்க்கரை பார்க்க எனக்கும் புதுப் பேனா வாங்கிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. குத்தியதும் இறுக்கி மூடுகிற கெட்டி டப்பாவில் போட்டுவிடுகிறேன். மிஷினைக் கடைக்குக் கொண்டு போவதே இல்லை.

இதை ஆறு மாதம் முன்னால் செய்திருந்தால் – வேண்டாம். ஆரம்பித்தால் நிற்காது.

ஏப்ரல் 22, செவ்வாய்

பிரசவத்துக்கு முந்தைய டெஸ்ட். இல்லை என்று வந்துவிட்டது. மகன் போனில் சொன்னான். கடையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அளவு கொடுக்க வந்த அம்மா, சாவு செய்தியோ என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மே 9, வெள்ளி

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. பிறந்த அன்றைக்கே தடுப்பூசி போட்டுவிட்டார்கள். தாயும் சேயும் நலம்.

ஆஸ்பத்திரி அறையில் ஒரு மூலையில் நாற்காலி போட்டிருந்தார்கள், அதில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக வாங்கிக் கொஞ்சினார்கள். மருமகளின் அம்மா, மகன், மகனுடைய சிநேகிதன் கூட. தொட்டால் பரவாது என்று டாக்டர் சொன்னது மருமகளுக்கும் தெரியும். அவள் கொடுக்கவில்லை. நான் கேட்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு வந்தேன். மூக்கு அப்படியே மகன் மூக்கு.

ஜூன் 16, திங்கள்

மாஸ்டர் வேலைக்கு வந்தார்! ரத்தத்தில் கிருமி போய்விட்டதாம். வளர்ந்த ஆட்களுக்குப் பெரும்பாலும் தானாகவே போய்விடுமாம். எனக்குப் போகாது. அது வேறு கதை.

பதினோரு மணிக்கு மிஷின்கள் நின்றன. மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நானே பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "எனக்குச் சர்க்கரை கம்மியா அக்கா" என்றார் மாஸ்டர். காஜா சிரித்துவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நூலைப் பல்லால் கடித்தாள்.

அவர் மனைவி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். மாதம் ஒரு தடவை போகிறேன். குழந்தை குப்புற விழப் பார்க்கிறது. மருமகள் என் எதிரில் பாயை விரித்துக் கிடத்தினாள், நான் சோபாவில் இருந்தபடியே கிலுகிலுப்பையை ஆட்டினேன். பேத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்லா இருக்கட்டும். கடைசி டெஸ்ட் முடியும் வரைக்கும் நானும் ஆசைப்படக் கூடாது.

செப்டம்பர் 4, வியாழன்

மகனிடமிருந்து செய்தி. "அவளுக்கு இல்லம்மா. முடிஞ்சுது. குழந்தைக்கும் பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்."

ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

மத்தியானம் மருமகள் போன் செய்தாள். மகன் இல்லை, அவளே. எத்தனை மாதம் ஆச்சு.

"அத்தை, சாயங்காலம் வர முடியுமா? அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. குளிக்க வெச்சா இவ வழுக்கிக்கிட்டு நெளியுறா, ஒருத்தியாப் பிடிக்க முடியல."

"வர்றேன்மா" என்றேன்.

உடனே வைக்கவில்லை அவள். "கையில குத்து, கீறல் ஏதாவது இருந்தா பிளாஸ்டர் ஒட்டிட்டு வாங்க" என்றாள்.

காஜாவை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு இரண்டு கையையும் காட்டினேன். மாஸ்டரும் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இடது நடுவிரலில் காலையில் சர்க்கரை பார்த்த குத்து, கட்டைவிரலில் கத்தரி பட்ட கீறல் ஒன்று. இரண்டையும் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, தண்ணீர் போகாத பிளாஸ்டராகப் பார்த்து ஒட்டிவிட்டார்கள். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று மறுபடியும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன்.

மணி மூன்றுதான் ஆகிறது. கடையை மாஸ்டர் பூட்டிக்கொள்வார். நான் கிளம்புகிறேன்.